குழலில் பதிந்த உங்கள் பெருவிரல்

இஞ்சாருங்கோ,

கல்யாணம் முடித்த நாளிலிருந்து உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்திலும் வாய் வரவில்லை. முதல் தரம் கூப்பிட்டால் நீங்களும் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போதாவது ஒரே தரத்தில் கேளுங்கள், என் ராசா.

முதலில் வீட்டுச் செய்தி. ஆரணிக்கு மார்க்கம் நகரில் வேலை கிடைத்துவிட்டது. உங்கள் மகள் அல்லவா, காரை அவ்வளவு மெதுவாக ஓட்டுகிறாள், பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்துக் களைத்துப் போகிறார்கள். குளிர் தொடங்கி ஹீற்றர் போட்டாயிற்று. அது ஓடத் தொடங்கும்போது கீழே பேஸ்மென்றில் நீங்கள் அரம் போடுகிற சத்தம் கேட்கிறது. குழாய்த் தகரம் சூடேறி உரசுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் நேற்றுப் படிவாசலில் நின்று, "என்னப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த மனுசன் காசு கொடுத்துக் கைத்துப்பாக்கி வாங்குவானா என்று உங்களோடு எத்தனை சண்டை பிடித்திருப்பேன். "இது கடுதாசியைச் சுடுற துவக்கப்பா, கடுதாசிக்கு நோகாது" என்று சிரிப்பீர்கள். உங்களுக்குச் சுடுவதைவிட அதைக் கழற்றிப் பூட்டுவதில்தான் பைத்தியம் என்று பிறகுதான் விளங்கியது. குண்டு பாய்கிற பழைய குழல் தேய்ந்து குறி விலகுகிறது என்று புதிதாக ஒன்று வாங்கினீர்கள். அது சற்றுப் பருமனாகத்தான் வருமாம். நீலச் சாயம் பூசிப் பொருத்திப் பார்த்து, சாயம் எங்கே அழிகிறதோ அங்கே மட்டும் கொஞ்சமாக அராவி, மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டுமாம். ஒரு இரும்புத் துண்டோடு இவ்வளவு பொறுமையா, என்னோடு இல்லையே என்று நான் முறைத்தது ஞாபகமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி ஊற்றிவிட்டுக் கூப்பிட்டேன். அன்றைக்கு மட்டும் முதல் தரத்திலேயே வந்தீர்கள். சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்து, "நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கு" என்றீர்கள். அம்புலன்ஸ் வந்தது. நீங்கள் திரும்பி வரவில்லை. நான் கூப்பிட்டதற்காக வந்தீர்களா, நெஞ்சு நொந்து என்னைத் தேடி வந்தீர்களா? இதை நான் யாரிடம் கேட்பது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபிறகு சேவியர் அண்ணை வந்தார். கொம்பனியில் உங்கள் பக்கத்து மெஷினில் நின்றவர், சுடுகிற கிளப்புக்கும் உங்களோடு போனவர். உயிலில் நீங்கள் எழுதிவைத்தபடி துப்பாக்கியை ரூஜ் பகுதியிலுள்ள தன் வீட்டுக்கு முன்னமே எடுத்துப்போய்ப் பூட்டி வைத்திருந்தார். உங்கள் மேசையில் கிடந்த குழலைப் பார்க்க இருவரும் கீழே இறங்கினோம்.

அதில் ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தது. பளபளத்த இரும்பில் துருவேறிய கறள் நிறத்தில், ஒவ்வொரு ரேகையும் தெளிவாக. குறுக்கே, பலாப்பழம் வெட்டும்போது நீங்கள் வாங்கிய வெட்டுத் தழும்பு.

"இவனுக்கு வேர்வைக் கை, தங்கச்சி. தொட்ட இரும்பு கறள் பிடிக்கும். கொம்பனியில எல்லாரும் பகிடி பண்ணுவினம். அதால எண்ணெய்ச் சீலையால துடைக்காமல் மேசையை விட்டு எழும்பவே மாட்டான்" என்றார் அண்ணை.

"அப்ப ஏன் துடைக்கேல்லை?"

"உடன திரும்பி வாறன் எண்டு நினைச்சிருப்பான்."

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் கீழே போனேன். மூச்சுப் படாமல் குனிந்து பார்ப்பேன், தொடமாட்டேன். அடையாளம் நாளுக்கு நாள் கறுத்துத் தடித்து வந்தது. மேலே ஏதாவது சமைத்தால், "இண்டைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு" என்று சொல்லிவிட்டு வருவேன். திரும்பி வருகிறேன் என்று போனவர் வரத்தானே வேண்டும்?

பிறகு சேவியர் அண்ணை தொலைபேசியில் அழைத்தார். கைத்துப்பாக்கியை எனக்கோ ஆரணிக்கோ பெயர் மாற்ற இப்போது சட்டம் விடாதாம். ஆனால் கிளப்பில் ஒரு பிள்ளை வெளிநாட்டுப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள், அவளுக்குக் கொடுக்க வழி இருக்கிறதாம். கொடுப்பதென்றால் புதுக் குழல் பொருத்தித்தான் கொடுக்க வேண்டும். நீலம் அழிந்திருந்ததை அன்றைக்கே பார்த்தாராம், இன்னும் ஒரு மயிரிழை இறுக்கம் இருக்கிறது. அந்த இறுக்கம் சரியாக உங்கள் பெருவிரல் பட்ட இடத்தில்.

"அராவினால் அடையாளம் போயிடும், தங்கச்சி. வேண்டாமெண்டால் எண்ணெய் பூசித் தாறன், அப்பிடியே நிக்கும்."

"எவ்வளவு காலம் நிக்கும்?"

"உங்கட காலத்துக்குக் காணும்."

எனக்கு அது போதும் என்றுதான் முடிவெடுத்தேன். அந்தப் பெடிச்சி சுட்டால் என்ன, சுடாவிட்டால் என்ன? எனக்கு என் மனுசன் வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை ஆரணி சொல்லாமல் வந்துவிட்டாள். கீழே நான் தேத்தண்ணிக் கோப்பையோடு உங்கள் மேசைக்கு முன்னால் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கோப்பை என் கையில், மற்றது மேசையில். படியில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாளோ. "அம்மா, ப்ளீஸ். டாட் இஸ் நொட் கமிங் பாக். எனக்கும் அவர் இல்லை. நீங்களும் இல்லாமல் போகாதேங்கோ" என்று அழுதாள். உங்கள் செத்தவீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. இத்தனை நாளும் அவள் தனியாக இருந்திருக்கிறாள், நான் உங்களோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் இருவரும் குழலைத் துணியில் சுற்றிக்கொண்டு ரூஜுக்குப் போனோம். சேவியர் அண்ணை அரத்தை எடுத்தார். நான் கையை நீட்டினேன்.

"நான் அராவுறன் அண்ணை. வேற ஆரும் அவரை அழிக்க விடமாட்டன்."

அவர் குழலைக் கவ்வியில் இறுக்கி, என் முழங்கையை எப்படி வைப்பது என்று காட்டிவிட்டு விலகி நின்றார். முதல் இழுப்பில் மேல் ரேகைகள் போயின. நீலம் பூசினோம், பொருத்தினோம், கழற்றினோம். "கொஞ்சம், கொஞ்சம், அவசரப்படாதேங்கோ" என்றார். ஒவ்வொரு தரமும் நீங்கள் குறைந்துகொண்டு போனீர்கள். கடைசியாகத் தழும்பு மட்டும் நின்றது. ஆரணி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அதையும் எடுத்தேன்.

குழல் துப்பாக்கிக்குள் போய் உட்கார்ந்தது, அலுமாரிக் கதவு சாத்துகிற மாதிரிச் சின்னச் சத்தத்தோடு. "அச்சாப் பொருத்தம்" என்று சொல்லிவிட்டு அண்ணை மூக்கைத் துடைத்தார். எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. பிறகு அழுகை வந்தது.

வசந்தத்தில் அந்தப் பிள்ளை சுடுவதைப் பார்க்க ஆரணியோடு போவேன், இது சத்தியம். பயமாகத்தான் இருக்கும், ஆனாலும் போவேன். நீங்கள் வேலையை அரைகுறையில் விட்டுவிட்டோமே என்று அந்தரப்பட்டுத் திரும்பி வரவேண்டாம். எண்ணெய்ச் சீலையால் நன்றாகத் துடைத்துத்தான் வைத்தேன், ராசா.

ஆரணியின் அம்மா,
உங்கள் மனுசி