எங்கள் வேன், ஒரு நாள் பேங்க் வேன்

துபாய், தேரா
9-4-1977

அன்புள்ள அம்மாவுக்கு,

தாமரை எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து டாக்டர் சீட்டு என்று நினைத்துவிடாதே. நானும் அப்பாவும் சுகம். சாம்பார் அப்பா வைக்கிறார், ரசமாக வருகிறது. ரசம் வைத்தால் என்ன வருமென்று நான் கேட்கவில்லை. அங்கே ஊரில் உன்னோடு பாப்பா எப்படி இருக்கிறாள், பல் முளைத்துவிட்டதா?

அப்பா மறுபடி வட்டிக்கு வாங்கி வேன் எடுத்துவிட்டார் என்று வடிவு அத்தை உனக்கு எழுதினாளாமே. அத்தையிடம் எப்போதும் பாதிச் செய்திதான் இருக்கும். சேதுராமன் மாமாவிடம் வாங்கிய வட்டிக் கடனில் உன் வளையல் போன அன்று நீ சொன்னது எனக்கே ஞாபகமிருக்கிறது: "இன்னொரு தரம் வட்டின்னு காதுல விழுந்துச்சு, என்னைத் தேடாதீங்க." அதனால்தான் அப்பா வட்டியில்லாத புது பேங்கைத் தேடிப்போனார். ஏசி மெக்கானிக் எத்தனை நாள் ஏசியை டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு போவார்?

அங்கே ஆபீசர் கலீலுர் ரஹ்மான் மாமா, கீழக்கரைக்காரர். பேங்க் பணமாகத் தராதாம். வேனைத் தானே பதினெட்டாயிரம் திர்ஹாமுக்கு வாங்கி, லாபம் இவ்வளவு என்று முகத்துக்கு நேரே சொல்லி, அப்பாவுக்குத் தவணையில் விற்குமாம். "வட்டிக்கு மாறுவேஷமா மாமா?" என்றேன். அப்பா கிள்ளினார். அவர் சிரித்தார். "நாங்க வாங்கி உங்களுக்கு விக்கிற வரைக்கும் வண்டி எங்களோடது. ஏதாச்சும் ஆனா நட்டமும் எங்களோடது. வித்தப்புறம் நீங்க தவணை தள்ளிப்போட்டாலும் விலை ஏறாதும்மா."

சனிக்கிழமை பேங்க் வாங்குவதாக ஏற்பாடு. சனிக்கிழமை இரும்பு வீட்டுக்கு வரலாமா? நம் அப்பா புதன்கிழமையே நல்ல நேரம் பார்த்து, ஐந்நூறு திர்ஹாம் அட்வான்ஸ் கொடுத்து, பில்லைத் தன் பெயரில் போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆபீசர் தலையில் கைவைத்துக்கொண்டார். "உங்க வண்டியை உங்களுக்கே விக்க நான் என்ன மந்திரவாதியாண்ணே?"

மீதிப் பணத்துக்கு ஷோரூமில் ஒரு வாரம்தான் கெடு. மோப்பம் பிடித்து சேதுராமன் மாமா வீட்டுக்கே வந்தார். "நான் தர்றேன் அம்மையப்பா, பழைய வட்டிதான்." அப்பா அவருக்கு டீ கொடுத்து அனுப்பினார். டீ மட்டும்தான்.

மறுநாள் வேனைத் திருப்பிக் கொண்டுபோய்க் கெஞ்சினோம். பில்லைக் கிழித்தார்கள், அட்வான்ஸில் நூறு பிடித்துக்கொண்டார்கள். அப்பா வேனுக்கு வைத்த சந்தனப் பொட்டை நான்தான் சுரண்டினேன். சனிக்கிழமை பேங்க் வாங்கியது. அன்று சாயங்காலமே மணல்காற்றில் ஷோரூம் போர்டு விழுந்து வேனின் முன்கண்ணாடி விரிசல்! தன் ராசிதான் என்று அப்பா பர்ஸை எடுத்தார். ஆபீசர், "உள்ள வைங்கண்ணே. இன்னும் உங்களுக்கு விக்கலை. இது எங்க கண்ணாடி" என்றார். புதுக் கண்ணாடி மாட்டிய பிறகுதான் கையெழுத்து. விலை அதே விலை.

வீட்டு வாசலில் நிறுத்தி அப்பா அந்தக் கண்ணாடியை மூன்று தரம் துடைத்தார். கடன் கொடுக்கிறவர்கள் நஷ்டப்பட்டு அவர் பார்த்ததில்லை.

உன்னை வரச்சொல்லி எழுது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார். ஆனால் வேனின் முன்சீட்டில் யாரையும் உட்காரவிடுவதில்லை அம்மா. நான் ஏறினாலும், "பின்னால போ, அது ஆள் வர்ற சீட்டு" என்கிறார்.

பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ள அதில் இடம் தாராளமாக இருக்கிறது.

உன் வாயாடி மகள்,
தாமரை