இறந்த நாள்: இன்று

2014 அக்டோபர் 11

ஊரில் செத்தவர்களுக்காக என் கம்ப்யூட்டர் கடை நடத்துகிற நினைவஞ்சலி வெப்சைட் இன்று திறக்கவில்லை. குளச்சலுக்கு இன்டர்நெட்டைக் கொண்டுவந்தவன் நான். துபாயில் ஒரு ஷேக்கின் கம்ப்யூட்டர் படுத்தபோது நாலு இன்ஜினியர்களை ஒதுக்கிவிட்டு என்னைத்தான் கூப்பிட்டார்கள். (கீபோர்டைத் துடைத்தேன், ஓடியது. அதுவும் ரிப்பேர்தான்.) எனக்கே இப்படி.

சர்வர்க்காரன் ஏதோ புதுசாக மாற்றிவிட்டானாம். பழைய டெம்ப்ளேட் எஞ்சின் இனி ஓடாதாம். பிற்காலத்தில் என் வரலாற்றை எழுதப்போகிறவனுக்காக விளக்கி வைக்கிறேன். டெம்ப்ளேட் என்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி. அச்சு ஒன்றுதான், பெயரும் தேதியும் மட்டும் மாறும். மாறுகிற இடத்தில் அடைப்புக்குறி போட்டு வைத்தால் எஞ்சின் வந்து நிரப்பும். பழைய எஞ்சினுக்கு ஒற்றை அடைப்பு, புதியதற்கு இரட்டை. அவ்வளவுதான் வித்தை.

சைட்டை எழுதினவன் அக்கா மகன் ஜெனோ, பெங்களூரில் இருக்கிறான். "மாமா, நீங்க தொடாதிய. அடுத்த ஞாயிறு நான் பாக்குதேன்" என்றான். அவனுக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்.

அக்டோபர் 12

முடித்துவிட்டேன். ஒற்றையெல்லாம் இரட்டை. புதிய எஞ்சின் ஓடுகிறது. சில இடங்களில் இஃப், எல்ஸ் என்று கோட் எழுத்துகள் பக்கத்திலேயே தெரிந்தன. பார்க்க அசிங்கம். அழித்தேன். ஜெனோ ஒரு மாதம் கேட்டிருப்பான். எனக்கு ஒரு மத்தியானம், அதிலும் பாதி தூங்கினேன்.

அக்டோபர் 14

குமாரதாஸ் கூப்பிட்டார். "டைட்டசே, எங்கப்பா ஆசுபத்திரில செத்தாரு. கடல்ல காலு நனச்ச ஆளில்ல. 'கரை சேரவில்லை, காத்திருக்கிறோம்'னு போட்டிருக்கேரே?"

பார்த்தேன். எல்லோர் பக்கத்திலும் இரண்டு வரியும் நிற்கிறது. இறந்தார் என்று ஒன்று. அதன் கீழேயே, இன்னும் கரை சேரவில்லை, காத்திருக்கிறோம். கல்லறை கட்டினவர்களுக்கும் அப்படியே. செத்தவரையும் கடலில் காணாமல் போனவரையும் பிரித்து வைத்திருந்தது நான் அழித்த அந்த இஃப்தான் போலிருக்கிறது.

புதுத் தொழில்நுட்பம் என்று குமாரதாஸிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அம்ம அத பாத்துட்டா வே. ராத்திரி வாசக்கதவ அடைக்க விடமாட்டேங்கா."

அப்போதுதான் மரியான் ஞாபகம் வந்தது.

மரியான் என் தங்கை லீமாவின் புருஷன். போன வருடம் அவர் போன வள்ளம் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. என் கடையில் டைப்பிங் வேலை லீமாவுக்குத்தான். ஊரில் செத்தவர்களையெல்லாம் அடித்து ஏற்றுகிறவள் அவள். தன் புருஷனை மட்டும் காத்திருக்கிறோம் என்றுதான் ஏற்றினாள். கல்லறைத் திருநாளில் அவர் பெயருக்குப் பூசை வைக்கக்கூடாது என்று பங்குச் சாமியாரிடமே சண்டை போட்டாள்.

அவர் பக்கத்தைத் திறந்தேன். இறந்த நாள்: 14 அக்டோபர் 2014.

இன்று.

அக்டோபர் 15

இறந்த நாள் 15 என்கிறது. நான் தொடவில்லை. யாரும் தொடவில்லை. ஃபேன் ஓடாமலே காலண்டர் தாள் அசைந்தது. — இல்லை, அசையவில்லை. எழுதும்போது அசைந்தால் நன்றாயிருக்கும் என்று பட்டது. ஆனால் நான் எழுந்து ரோட்டில் போய் நின்றது உண்மை.

அக்டோபர் 16

ஜெனோவிடம் சொன்னேன். "பேயொண்ணும் இல்ல மாமா. தேதி காலியா இருந்தா பழைய எஞ்சின் சும்மா விட்டிரும். புதுசு, காலியப் பாத்தா இன்னைக்குத் தேதியப் போட்டிரும்." தெரியும், உன்னைச் சோதித்தேன் என்றேன்.

அவன் போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொரு இஃபையும் திரும்ப நட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் லீமா நின்றாள்.

"அண்ணே, அவிய பக்கத்த மட்டும் விட்டிருங்க."

"ஏட்டி, இறந்துட்டாருன்னு போட்டிருக்கு."

"இன்னைக்குன்னுதானே போட்டிருக்கு. அப்பம் நேத்து வர உசிரோட இருந்தாவ, இல்லியா?"

முதல் நாளிலிருந்தே பார்க்கிறாளாம். எஞ்சின் செய்கிற வேலை அது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். கீபோர்டைத் துடைத்தேன்.

மற்றவர்களுக்கெல்லாம் சரிசெய்தேன். மரியான் பக்கத்தை மட்டும் தனியாக, கெட்டபடியே விட்டேன்.

அக்டோபர் 21

கடை திறந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறாள். தேதி மாறியிருக்கும். "இருக்காவ" என்கிறாள். பிறகுதான் டீ. நான் ஜெராக்ஸ் மெஷினுக்குள் ஏதோ தேடுவதுபோல நிற்கிறேன்.

அக்டோபர் 25

நேற்று அவர் எங்கே இருந்திருப்பார் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அக்டோபர் 29

லீமா வரவில்லை. நர்சிங் படிக்கிற அவள் மகள் ஜிஷா லீவில் வருகிறாள். இரணியல் ஸ்டேஷனில் கூட்டிக்கொண்டு, அப்படியே பத்மநாபபுரம் அரண்மனை பார்த்துவிட்டு வருகிறார்களாம். அந்த அரண்மனையை எனக்காக ஒருதடவை தனியாகத் திறந்துவிட்டார்கள். அது இன்னொரு நாள் எழுதவேண்டிய கதை. சாயங்காலம் இரண்டு பேரும் கடைப்பக்கமாகச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அக்டோபர் 31

மரியான் பக்கத்தில் 29. நேற்றும் 29 தான். என் கண்தான் என்று நினைத்தேன். எஞ்சின் சிக்கிக்கொண்டதா? ஜெனோ பார்த்துவிட்டு, "எஞ்சின்ல ஒண்ணுமில்ல மாமா. தேதி இப்ப காலியா இல்ல. யாரோ அடிச்சிருக்காவ" என்றான்.

பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் நானும் லீமாவும்தான்.

"நாந்தான்" என்றாள்.

"ஏன் இருவத்தொம்பது?"

டைப் அடித்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு நான் பாக்க மறந்துட்டேன் அண்ணே."

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மரியான் பெயருக்குப் பூசை. லீமாதான் சொல்லி வைத்தாள். குமாரதாஸ் வந்திருந்தார். வெப்சைட் எஞ்சினை மாற்றியது யார் என்று கேட்டார். ஜெனோ என்றேன்.

நவம்பர் 5

அந்தக் கீழ்வரியையும் எடுத்துவிடச் சொன்னாள் லீமா. காத்திருக்கிறோம் என்பதை. நேற்று எடுத்தேன்.

இன்று அவள் வருமுன்னே கடையைத் திறந்தேன். பக்கத்தைப் பார்த்தேன். 29. ரிஃப்ரெஷ் கொடுத்தேன். 29.

இன்னொருதடவை கொடுத்தேன்.