குவிமாடத்தை உடைத்த நாள்

ஜூலை 1974, வெள்ளி இரவு

இன்று அடையாறு ஆய்வுக்கூடத்தில் கான்கிரீட் குவிமாடத்தை உடைத்தோம். கடற்கரையில் எழும்பிவரும் அணு உலைக் கட்டடத்தின் சிறிய மாதிரி அது. உள்ளே பெரிய விபத்து நேர்ந்து நீராவி முட்டினால் சுவர் எதுவரை தாங்கும் என்று பார்க்கவேண்டும். அதற்காகத் தண்ணீரை ஏற்றி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். அழுத்தமானியின் முள் காட்டும் அளவைப் படித்துச் சொல்வது என் வேலை.

அடுத்த மாதம் என் கணவர் அந்த உலையில்தான் வேலைக்குச் சேர்கிறார். அலுவலகத்தில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

கணக்குப் போட்ட அளவைத் தாண்டியும் முள் ஏறியது. நான் எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் குவிமாடத்தின் விளிம்பில் மெல்லிய விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பம்ப் இயக்கும் மாணிக்கம் என்னையே பார்த்தார்.

"இன்னாத்துக்கும்மா கண் கலங்கிக்கினு கீறீங்க? ஒடையத்தானே பம்ப் அட்ச்சோம்!"

அபிராமபுரம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கணவரிடம் சொன்னேன்.

"நினைச்சதைவிட ரெண்டு மடங்கு தாங்கிச்சு. ஆனா கடைசியில விரிசல் விட்டுடுச்சுங்க."

"வெடிச்சுதா?"

"இல்லை. கசிஞ்சுது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கே கசியும்னு தெரிஞ்சு போச்சில்ல? நான் உள்ளே போறதுக்கு முன்னாடி நீ பார்த்து வச்சிருக்கே. எனக்கு அது போதும்."

"திங்கட்கிழமை இன்னொண்ணு உடைக்கிறோம்."

"நல்லா உடை" என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனார். பிடித்த கையை விடவில்லை. இதை இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.