மூன்றாம் பலகையின் பின்பக்கம்

அனுப்புநர்
பீரங்கி மாமா
(வாக்காளர் பட்டியலில் வேறு பெயர் உண்டு; அந்தப் பெயரில் அழைத்தால் நானே திரும்பிப் பார்ப்பதில்லை),
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
எண் 17, நான்காம் வரிசை,
பாட்டில் தொழிற்சாலைக் குடியிருப்பு.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: கண்காட்சிக் கூடத்தின் மூன்றாம் பலகையில் ஒட்டப்பட்ட புகைப்படத்தின் பின்பக்கத்தைப் பிரித்துப் படிக்கவும், அதுவரை பலகையைக் கழிவில் சேர்க்காதிருக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: முப்பதாம் தேதிக்குள் கூடம் காலி செய்யப்படும் என்று அதன் கதவில் ஒட்டியுள்ள அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாற்பத்திரண்டு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பு, பூமியில் தாகம் எடுத்த அத்தனை பேருக்கும் பாட்டில் செய்து கொடுத்த பேரரசு என்பதைத் தாங்கள் அறிந்திருக்கக் கூடும். அறியாவிட்டாலும் பாதகமில்லை. அந்தப் பேரரசு மூடப்பட்டு இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. போன ஆண்டு புகைபோக்கியையும் இடித்துவிட்டார்கள். எங்களுக்கென்று மிச்சம் இருந்தது ஒரு தகரப் பெட்டி.

2. அதில் இருநூற்றுப் பதினெட்டுப் புகைப்படங்கள், வீடு ஒதுக்கிய சீட்டுகள், வருகை அட்டைகள் இருந்தன. சேர்த்தவர் என் அண்ணன், தொழிற்சாலையின் டைம்கீப்பர். படத்தின் முன்பக்கத்தில் பேனா படக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். யார் யார் நிற்கிறார்கள் என்பதைப் பின்பக்கத்தில், பென்சிலால், இடமிருந்து வலமாக எழுதுவார். குடியிருப்பு முழுவதும் அதற்கே பழகிவிட்டது. கல்யாணப் படத்தைக் கையில் கொடுத்தாலும் எங்கள் ஆட்கள் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள்.

3. அண்ணன் காலமானபின் பெட்டி என் பொறுப்புக்கு வந்தது. நகர வரலாற்றுக் கண்காட்சிக்காகத் தங்கள் உதவியாளர் கேட்டபோது, அரசர் பட்டத்து யானையை அனுப்பும் தோரணையில், சைக்கிளில் கட்டி நானே கொண்டுவந்து கொடுத்தேன். உதவியாளரைக் குறை சொல்வதற்கில்லை. படங்கள் சுருண்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில் தச்சர்களின் வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவி, பன்னிரண்டு ஒட்டுப்பலகைகளில் அழுத்தி அழுத்தி ஒட்டினார். பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் இம்மனுதாரன். அவ்வேளையில் நான், ஒரே மூச்சில் ஊதிய பாட்டிலுக்குள் மேலாளரின் கார் நுழைந்த சரித்திரத்தை அவருக்கு விவரித்துக்கொண்டிருந்தேன். கார் உள்ளே போய்த் திரும்பி வெளியே வருவதற்குள் இருநூற்றுப் பதினெட்டுப் பின்பக்கங்களும் மூடிவிட்டன. நாங்கள் இருவரும் கையைக் கழுவிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம்.

4. செய்த காரியம் திறப்பு நாளன்றுதான் உறைத்தது. மூன்றாம் பலகையின் நடுவில் உலைத் தொழிலாளர் மூவர் நிற்கும் படம் உள்ளது. ஒரே தொப்பி, ஒரே மீசை, சூட்டில் ஒரேபோல் கருத்த முகம். மூவரில் ஒருவர், ஒன்பதாம் எண் வீட்டுத் தையல்காரியின் தகப்பனார். படம் எடுத்த நான்காம் மாதம் உலைச் சுவர் சரிந்து இறந்துபோனார். அப்போது அவள் நாற்பது நாள் குழந்தை. அவருக்கு வேறு படம் கிடையாது. இன்று அவளுக்கு நாற்பத்தாறு வயது. தாயாரும் இல்லை. "பின்னாடி பேர் இருக்கு, உனக்கு வேணும்னா போய்ப் பாரு" என்று அந்த அம்மாள் சொல்லி வந்தாராம். எங்கே போய்விடப் போகிறது என்று இவளும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போட்டிருக்கிறாள்.

5. அன்று கூடத்தில் ஊரே கூடியிருக்க, பலகையின் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். வெறும் மரம். திரும்பி வந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"மாமா, இன்னைக்கு ஒரு நாள் உங்க கதையெல்லாம் மூட்டை கட்டி வைங்க. இதுல எங்கப்பா யாரு?"

எனக்குத் தெரியாது. உலைப் பக்கம் நான் வேலைக்குச் சேர்ந்தது அந்த விபத்துக்குப் பிறகு. தெரியாது என்ற ஒரு சொல்லை இந்த நாக்கு எழுபது ஆண்டுகளாக உச்சரித்ததில்லை.

"நடுவுல நிக்கிறாரே, அவர்தாம்மா" என்றேன்.

6. நான் சொன்ன எதையும் அவள் அதுவரை நம்பியதில்லை. நான் மழை பெய்கிறது என்றால் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பாள். இதை நம்பிவிட்டாள். மறுவாரமே நடு ஆளை மட்டும் பெரிதாக்கி, சட்டம் போட்டு, தையல் இயந்திரத்துக்கு நேர் எதிரே மாட்டிவிட்டாள். தன் மகனின் காதும் அந்தக் காதும் ஒன்று என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். ஆமாம் என்றேன். இப்போது நான் மூன்றாம் வரிசையைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போகிறேன். அவள் வாசல் வழியாகப் போக முடியவில்லை.

7. குடியிருப்பில் விசாரித்தேன். பழைய கேன்டீன் சமையல்காரர் இடது ஓரம் என்கிறார். லாரி டிரைவரின் மனைவி வலது ஓரம் என்று அடித்துச் சொல்கிறார். நடு என்பதற்கு நான் ஒருவனே சாட்சி. என் சாட்சியத்தின் மதிப்பு என்ன என்பதை, ஐயா, தாங்கள் எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

8. பழைய படங்களைப் பழுதுபார்ப்பவர் ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். முன்பக்கம் இழுத்தால் படம் கிழியும். பலகையைப் பின்னாலிருந்து அடுக்கு அடுக்காகச் செதுக்கி, கடைசிப் பசையை ஈரத்தால் இளக்கினால் எழுத்தைப் படிக்க வாய்ப்பிருக்கிறது, பென்சில் தண்ணீரில் கரையாது என்றார். உறுதி சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். தங்கள் அலுவலகத்தில் கேட்டதற்கு, பலகைக்கு இருப்பு எண் போட்டாகிவிட்டது, அரசுச் சொத்தைச் செதுக்க விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அதே சொத்தை முப்பதாம் தேதி உடைந்த நாற்காலிகளோடு லாரியில் ஏற்ற விதியில் இடம் இருக்கிறது.

9. ஆகவே, பன்னிரண்டு பலகைகளையும் அப்புறப்படுத்தாமல் நிறுத்திவைத்து, முதலில் மூன்றாம் பலகையைச் செதுக்க அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். மற்றவற்றிலும் இப்படி யாருக்காவது ஒரு தகப்பன் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இம்மனுவில் பேரரசு, கார், யானை ஆகிய மூன்றும் நீங்கலாக மிகை எதுவும் இல்லை.

10. எழுத்து தெரிந்து, நடுப்பெயர் அவருடையதாகவே இருந்துவிட்டால், எழுபது ஆண்டுகளில் நான் குருட்டாம்போக்கில் சொன்ன ஓர் உண்மையாக அது இருந்துவிட்டுப் போகட்டும். வேறாக இருந்தால் தங்கள் அலுவலகம் அவளுக்குத் தபாலில் தெரிவிக்க வேண்டாம். என்னைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த ஆணியிலிருந்து படத்தைக் கழற்ற வேண்டியவன் நான்.

உத்தரவை எதிர்நோக்கித் தங்கள் அலுவலக வராந்தாவில் தினமும் உட்கார்ந்திருப்பவன்,

(கையொப்பம்)
பீரங்கி மாமா

நாள்: பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை
இடம்: பாட்டில் தொழிற்சாலைக் குடியிருப்பு

இணைப்பு: இல்லை. இருந்தவை எல்லாம் தங்கள் பலகையில் உள்ளன.