கோழிக்கூட்டுக்கு ஒரு கதவு

பேசாலை,
10.03.2013

என் அன்பு மகள் சுவேதினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. மடு மாதாவின் துணையால் நான் சுகம். மண்டபம் அகதி முகாமில் நீயும் அம்மாவும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் கேட்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. போன் எடுத்தால் "ஓம்", "இல்லை" என்ற இரண்டு சொல்லோடு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறவள், தாளில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். இனி நானும் போனை நம்புவதாக இல்லை. தபால்தான்.

நீ போட்ட நிபந்தனைகளை வாசித்துவிட்டுச் சிரித்தேன். கொழும்பில் கருவாடு வாங்கும் முதலாளிமார் கூட என்னோடு இவ்வளவு இறுக்கிப் பேரம் பேசியதில்லை. நீ அங்கே வளர்க்கிற சின்னக் கோழிகளை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்று முகாமில் சொல்லிவிட்டார்கள். ஆகையால் நீ ஊருக்குத் திரும்ப மாட்டாய். நான் இங்கே அதே இனத்தில் கோழி வாங்கி, கூடும், ஓடித் திரிய அடைப்பும் கட்டி, ஆடி மாதம் வரை ஒன்றும் சாகாமல் வளர்த்துக் காட்டினால் வருவாய். ஒன்று செத்தாலும் பேச்சு முடிந்தது. அம்மாவைக் கேட்டால், "பிள்ளை ஓம் எண்டால் நானும் ஓம்" என்கிறாள். ஊர் திரும்புகிறவர்களின் பட்டியலில் பெயர் கொடுக்கிறதும் விடுகிறதும் இப்போது கோழிகளின் கையில். கோழிக்குக் கை இல்லையே என்று நீ பதில் எழுதுவாய் என்றும் தெரியும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். போன கிழமை கருவாட்டு லொறியோடு கொழும்புக்குப் போனபோது, அலங்காரக் கோழி விற்கிற கடை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். நான்கு பேடு, இரண்டு சேவல் வாங்கினேன். விலை கேட்காதே. அவ்வளவு கொடுத்து எலும்பும் இறகும் வாங்கிய ஆள் மன்னார்த் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீ சொன்னது போலவே காலிலும் இறகு. பக்கத்து வளவு டொமினிக் வலை பொத்துவதை விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தான். "அமிர்தம் அண்ணை, உது கோழியோ, காற்சட்டை போட்ட புறாவோ? ஆறையும் அடிச்சாலும் ஒரு கறிக்குக் காணாதே" என்றான். கறிக்கு இல்லை, மகளுக்கு என்றேன். அதற்குப் பிறகு அவன் பகிடி விடவில்லை. கூடு கட்டப் பழைய வலை தருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

இப்போதைக்கு அவை பெரிய மீன் கூடைக்குள் இருக்கின்றன. பின்னேரத்தில் வெளியே விட்டுவிட்டுக் கதிரையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருசத்துக்கு முந்தி இந்தியாவில் இருந்து தனியத் திரும்பி வந்த நாளில் ஒரு தராசு கூட இல்லாமல் கருவாட்டு வியாபாரம் தொடங்கினவன். காய்ந்துபோன மீனைத்தான் உற்றுப் பார்த்துப் பழக்கம். உயிரோடு இருப்பதை இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. எத்தனையோ விளங்கவில்லை. வெள்ளைப் பேட்டின் இறகை ஊதிப் பார்த்தால் தோல் கறுப்பாக இருக்கிறது, அது ஏதும் நோய் வருத்தமா, இனமா? குளித்துவிட்டு வந்ததுபோல் மண்ணுக்குள் புரண்டு புரண்டு எழும்புகின்றன, எதற்கு? பெரிய சேவலுக்கு, ஊர் அதிகாரி மாதிரி நடக்கிற நடையைப் பார்த்து, விதானை என்று பெயர் வைத்திருக்கிறேன். அவன் ஒரு புழுவைக் கண்டால் தின்னாமல் நின்று பேடுகளைக் கூப்பிடுகிறான். அவை தின்ற பிறகுதான் தான் கொத்துகிறான். அது ஏன்?

வெள்ளைப் பேட்டுக்கு நீயே பெயர் வை. விபரமாகப் பதில் எழுது.

மாதா உங்களுக்குக் காவலாக இருப்பாராக.

உன் அப்பா,
அமிர்தநாயகம்


பேசாலை,
19.05.2013

அன்பு மகளுக்கு,

நலம், நலமே ஆகுக. அம்மாவின் முழங்கால் வலிக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். சூடாக்கிப் பூசச் சொல். எனக்கு அடுப்பு வேலை பழகிவிட்டது என்றும் சொல். நம்பமாட்டாள்.

உன் பதில்களை வாசித்து நிறையப் படித்துக்கொண்டேன். கறுப்புத் தோல் இனம்தான், மண் குளிப்பு பேன் போக்க. வெள்ளைப் பேடு இனிமேல் பஞ்சு. விதானையைப் பற்றி நீ எழுதிய பதிலை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். "அவனுக்குத் தனியச் சாப்பிடப் பிடிக்காது அப்பா" என்று எழுதியிருந்தாய்.

கூடு கட்டி முடிந்தது. மீள்குடியேறியபோது கொட்டில் போடத் தந்த தகரங்களைக் கூரைக்குப் போட்டேன். மத்தியானம் உள்ளே கையை நீட்டிப் பார்த்தால் அடுப்பு மாதிரி. கழற்றிவிட்டுத் தென்னோலைக் கிடுகு வேய்ந்தேன். முதலில் வாசலைத் தெற்குப் பக்கம் வைத்தேன், தெற்கில் இருந்து சோழகக் காற்று தொடங்கினவுடன் கூட்டுக்குள் அரை அடிக்கு மணல். வாசலை மாற்றினேன். அடைப்பைச் சுற்றி டொமினிக் தந்த, கண்ணாடி போன்ற தங்கூசி நூல் வலையைக் கட்டினேன். மீனுக்குத் தெரியாத நூல் கோழிக்கும் தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை. காலில் இறகுள்ள பிராணிகள் அல்லவா, இரண்டு பேடுகள் மாட்டிக்கொண்டு தொங்கின. கத்தரிக்கோலோடு படுத்துக் கிடந்து ஒவ்வொரு நூலாக வெட்டினேன். ஒன்றுக்கும் காயம் இல்லை. இப்போது கீழே கம்பி வலை. மேலே மட்டும், காகத்துக்கும் பருந்துக்கும், தடித்த நூல் வலை. பார், எல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பெருநிலப் பக்கம் இருந்து உமியும் தவிடும் கொண்டுவருகிற இரத்தினம், நெல்லுக்காரன், கூட்டைப் பார்த்துவிட்டு, "முதலாளி, உங்கட வீட்டை விட இது நல்லாயிருக்கு, நீங்கள் உள்ளுக்குப் படுங்கோ, கோழியளை வீட்டில விடுங்கோ" என்றான். அவன் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. வீட்டுக்கு இன்னும் யன்னல் போடவில்லை.

இப்போது ஒரு சிக்கல். அதற்காகத்தான் இந்தக் கடிதம். பத்துப் பன்னிரண்டு நாளாகக் கோழிகள் தண்ணீர் குடித்தபடியே இருக்கின்றன. சட்டியை நிரப்பிவிட்டுத் திரும்பினால் வெறுஞ்சட்டி. எச்சமும் தண்ணீராகப் போகிறது. காலையில் போட்ட உமி பின்னேரம் நனைந்து நாறுகிறது. எங்கள் வளவுக் கிணறு உப்புச் சவர் என்பதால் அதுதான் காரணம் என்று நினைத்து, பவுசரில் வருகிற குடிதண்ணீரையே வைத்தேன். குறையவில்லை. கூரை ஒழுக்கா என்று பார்த்தேன், மழையே இல்லை. பஞ்சு ஒரு மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறாள். கூப்பிட்டால் வருகிறாள், ஆனால் மெதுவாக.

தீனியில் பிழை இருக்காது. கடைத் தீனிப் பையில் மீன் தூள் சேர்த்தது என்று எழுதியிருக்கிறது. அதைக் கண்டவுடன், என்னிடம் இல்லாத மீன் தூளா என்று நினைத்து, விலைபோகாத உடைந்த கருவாட்டை இடித்துத் தவிட்டோடு கலந்து போடுகிறேன். நாக்கில் வைத்தும் பார்த்தேன். நல்ல ருசி.

ஆனாலும் வியாபாரத்தில் ஒரு முறை இருக்கிறது. சாமானில் குறை என்று சொன்னால் வாயால் சண்டை பிடிக்காமல் மாதிரி அனுப்ப வேண்டும். இத்துடன் ஒரு கடதாசிச் சுருளுக்குள் அந்தத் தீனியில் ஒரு சிட்டிகை வைத்திருக்கிறேன். உன் கோழிகளுக்குப் போடாதே. பார்த்துவிட்டு உன் புத்திக்குப் பட்டதை உடனே எழுது.

மாதா துணை.

அன்புடன்,
அப்பா


பேசாலை,
28.07.2013

என் செல்ல மகள் சுவேதினிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடும் அம்மாவோடும் இருப்பதாக.

சுற்றி வளைக்காமல் முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சு செத்துப்போனாள். சின்னச் சேவலும் செத்துப்போனான். பஞ்சு போய் மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. சேவல் அதற்கு அடுத்த நாள். கிணற்றடி முருங்கைக்குக் கீழே தாட்டேன். டொமினிக்கும் வந்து நின்றான்.

நீ கண்டுபிடித்தது சரி. நான் அனுப்பிய சிட்டிகையை நீ நக்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுத்ததாகவும், அவள் நாக்கில் வைத்த உடனேயே துப்பிவிட்டு, "உன்ர கொப்பருக்கு நாக்குச் செத்துப் போச்சு, உப்பையே கோழிக்குத் தீத்துறார்" என்று சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அவள் சொன்னது உண்மைதான். காலை தொடங்கி மாலை வரைக்கும் உப்புக்குள் நிற்கிறவனுக்கு உப்புத் தெரிவதில்லை. கிணற்றைப் பழித்தேன், கூரையைப் பழித்தேன். கையில் அள்ளிப் போட்டதை மட்டும் பழிக்கவில்லை. மற்றவன் கருவாட்டில் உப்புக் கூட என்று சொல்லி விலையைக் குறைக்கிற ஆள் நான். கோழி என்னோடு பேரம் பேசவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சொல்லிப் பார்த்திருக்கிறது.

அம்மாவின் ஏச்சை அப்படியே எழுதியதற்கு நன்றி. போனில் அவள் என்னை இப்படி ஏசுவதில்லை. "சுகமோ, சாப்பிட்டியளோ" என்று வைத்துவிடுகிறாள். அந்த வரியை டொமினிக்குக்கும் வாசித்துக் காட்டினேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே கருவாட்டுத் தீனியை நிறுத்தினேன். இரத்தினத்திடம் தவிடும் குறுணலும் வாங்கி, கடைத் தீனியோடு கலந்து போடுகிறேன். ஒரு கிழமையில் உமி காய்ந்தது. மிச்சம் மூன்று பேடும் விதானையும் இப்போது நல்ல சுகம். கொண்டை சிவந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஞ்சு செத்த கிழமை லொறி கொழும்புக்குப் போனது. நானும் போனேன். அதே கடையில் அதே மாதிரி வெள்ளைப் பேடு நின்றது. கையில் தூக்கியும் பார்த்தேன். வாங்கிவந்து படம் எடுத்து அனுப்பியிருந்தால் உனக்குத் தெரிய வந்திராது, நம் பேச்சும் முறிந்திராது. கீழே விட்டுவிட்டு வந்தேன். நீ வந்து அதைப் பஞ்சு என்று கூப்பிடுகிறபோது நான் எந்தப் பக்கம் பார்ப்பது?

ஆகவே நிபந்தனைப்படி நான் தோற்றுவிட்டேன். உப்பைப் பற்றி நான்கு பக்கம் எழுதினாய், வருவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதையும் கவனித்தேன்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஊரில் அவிழ்ந்து திரிகிற கட்டாக்காலிக் கழுதைகள் பற்றி அம்மா சொல்லியிருப்பாள். ஒன்று வந்து அடைப்பு மூலைக் கம்பத்தில் முதுகைத் தேய்த்திருக்கிறது. கம்பமும் வலையும் சரிந்து விழுந்தன. கோழிகள் தப்பிக் கூரையில் ஏறி நின்றன. கழுதை என்னைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது, தன் வளவு மாதிரி. இப்போது பனை மரக் கம்பம் நட்டு, முழுவதும் உயர்த்திக் கட்டுகிறோம். முந்தி நான் தவழ்ந்துதான் உள்ளே போவேன். இனி நிமிர்ந்து போகலாம்.

கபிலப் பேடு ஒன்று ஐந்து முட்டையில் அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. கிட்டப் போனால் இறகை விரித்துச் சீறுகிறது. கையளவு உடம்பில் இவ்வளவு கோபம் எங்கே இருக்கிறது? ஒரு நாளைக்கு ஒரு தரம் இறங்கித் தின்றுவிட்டு ஓடிப்போய் ஏறுகிறது. முட்டைகளைச் சொண்டால் உருட்டித் திருப்புகிறது. எது திருப்பினது, எது திருப்பாதது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஐந்தும் பொரிக்குமா?

கடைசியாக ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அடைப்புக்குக் கதவு. டொமினிக் பலகையும் வாளுமாக வந்து, "கதவு ஆருக்கு அண்ணை? கோழிக்கோ, ஆளுக்கோ?" என்று கேட்டான். மகளுக்கு என்றேன். "உயரம் சொல்லுங்கோ" என்றான். கையை நீட்டிக் காட்டினேன். எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தியாவுக்குப் படகில் போனபோது என் மடியில் முழுதாக அடங்கினாய், அது தெரியும். நான் இங்கே வரும்போது என் நெஞ்சுக்குக் கீழே நின்றாய், அதுவும் தெரியும். இந்த இரண்டு வருசத்தில் என்ன நடந்தது என்று தெரியாது. நீ அனுப்பிய படத்தில் பக்கத்தில் வைத்து அளக்க ஒன்றும் இல்லை. கோழிகள்தான் நிற்கின்றன, அவையோ சின்னவை. டொமினிக் வாளைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். கதவுக்குப் பதிலாக இப்போதைக்குச் சாக்குத் தொங்குகிறது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சுவரோடு நேராக நின்றுகொள். அம்மாவிடம் ஒரு நூலைக் கொடுத்து உச்சந்தலையில் இருந்து குதிக்கால் வரைக்கும் அளந்து வெட்டச் சொல். அதைச் சுருட்டிக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. நான் உனக்குத் தீனி மாதிரி அனுப்பினேன் அல்லவா, நீ எனக்கு இந்த மாதிரியை அனுப்பு. கதவைக் கொஞ்சம் கூட்டித்தான் போடுவோம், வளர இடம் வேண்டும்.

நீ வராவிட்டாலும் நூலை அனுப்பு, மகள்.

அம்மாவை உப்புக் குறைத்துச் சாப்பிடச் சொல். மாதா உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பாராக. அந்தக் கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அவருக்காவது தெரிந்திருக்கும்.

உன் அப்பா,
அமிர்தநாயகம்