மற்றப் பக்கமும் செய்தவனுக்கு

இன்று காலை சந்தைக்குப் போகும் வழியில் ஒரு சைக்கிள் கடையின் முன் என் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. கடைக்காரர் டியூப் ஒன்றுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சொலூசன் பசையின் மணம் தெருவரைக்கும் வந்தது. உன் சட்டையிலும் விரல்களிலும் நீ தரும் தேத்தண்ணீர்க் கோப்பையின் பிடியிலும் இருந்த அதே மணம்.

"என்ன ஐயா, காத்தடிக்கோணுமா?" என்று அவர் கேட்டார். என்னிடம் சைக்கிளே இல்லை. "இல்ல, சும்மா நிண்டனான்" என்றேன். சந்தைக்குப் போகாமலே வீடு திரும்பி, உனக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத வேறு காரணமும் இருக்கிறது. உன்னைப் பற்றி ஊர் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறது. குண்டன் ஒருவன் யோகா செய்தானாம், செய்தும் செத்துப்போனானாம். உன் செத்தவீட்டு வாசலிலேயே அந்தக் கதை தொடங்கிவிட்டது. அது பிழையான கதை. சரியான கதை தெரிந்த ஒரே ஆள் நான்.

கிறிஸ்மஸ் கழிந்த மறுநாள் கடல் வந்தது. நான் பெரியகல்லாற்றில் பிறந்தவன் என்றாலும், கூட்டுறவுக் கடை வேலைக்காக டவுனுக்கு வந்து, கடற்கரைப் பக்கமாய் ஒரு வீட்டில் அம்மாவோடு இருந்தேன். அம்மாவின் கை என் கையில் இருந்தது. பிறகு இல்லை. நீ டச்பார்க் கரையில் உன் மனைவியையும் வீட்டையும் சைக்கிள் திருத்தும் கொட்டிலையும் ஒரே காலையில் இழந்திருந்தாய். போர்த்துக்கேயர் வழிவந்த உங்கள் பறங்கியர் குடியிருப்பில் அன்று அழுவதற்கு ஆள் மிஞ்சாத வீடுகள் இருந்தன. நாம் இருவரும் அறிமுகமானது முகாமாக மாறிய ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில். உன் பாய்க்குப் பக்கத்தில் என் பாய்.

அந்த முகாமில் பருத்த உடம்போடு இருப்பது என்னவென்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். சோற்றுப் பார்சலுக்கு வரிசையில் நின்றால் பின்னால் நிற்பவர்களின் கண் எங்கள் வயிற்றில்தான் நிற்கும். எல்லோரும் எல்லாவற்றையும் இழந்து நின்ற இடத்தில், நாங்கள் மட்டும் எதையோ ஒளித்து வைத்திருப்பதைப் போல.

"கூட்டுறவுக் கடைச் சாமானெல்லாம் எங்க போச்செண்டு இப்பதான் விளங்குது" என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். நான் வரிசையை விட்டு விலகப் போனேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"நில்லுடா மச்சான். கடல் மெலிஞ்ச ஆக்களுக்கு மட்டுமா வந்தது?"

அன்று பார்சலை வாங்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில், முற்றத்தின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட வைத்தாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நீ பொறுமையாக மென்றாய்.

இருவருக்கும் ஒரே வருத்தம் இருந்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு நின்றுவிடும். தொண்டைக்குள் உப்புத் தண்ணீர் ஏறுவது போல இருக்கும். அதனால் சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கினோம். முகாமுக்கு வந்த வைத்தியர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, சுவாசப்பையில் ஒன்றுமில்லை, பயம்தான் என்றார். அந்த வாரம்தான் கொழும்பிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் வந்து, பின்னேரங்களில் பள்ளி மண்டபத்தில் யோகா சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். பெரும்பாலும் பெண்கள்தான் போனார்கள். "மூச்சு விடச் சொல்லித் தாறாங்களாம், வா" என்று நீ என்னையும் கிளப்பினாய்.

மண்டபத்துக்குள் நாம் நுழைந்தோம். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. ஆசிரியர் நல்ல பிள்ளை, சங்கடப்பட்டார். "அண்ணாமார் ரெண்டு பேரும் கதிரையில இருந்து மூச்சுப் பயிற்சியை மட்டும் செய்ங்க. கொஞ்சம் உடம்பு குறைஞ்சதும் மற்றதுகளைப் பாப்பம்" என்றார். நான் கதிரையைத் தேடினேன். நீ நேராகப் போய் முன்வரிசையில் ஒரு பாயை விரித்தாய்.

குனியச் சொன்னார்கள். நீ குனிந்தாய், தடுமாறினாய், தரை அதிர விழுந்தாய். மண்டபம் வெடித்துச் சிரித்தது. நீ எழும்பவில்லை. பாயில் மல்லாந்து கிடந்தபடியே சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "சிரிச்சு முடிஞ்சா சொல்லுங்க, தொடங்குவம்" என்றாய். அப்போதுதான் நான் கவனித்தேன். நீ மல்லாந்து கிடந்தாய். மூச்சு நிற்கவில்லை.

கதிரையை ஓரத்தில் வைத்துவிட்டு நான் உன் பக்கத்தில் வந்து நின்றேன்.

அந்தப் பாய்கள் எங்களுக்குப் போதவில்லை. தோள் வெளியே கிடக்கும், இல்லாவிட்டால் இடுப்பு. நீ ஆசிரியரிடம் இரண்டு பழைய ரப்பர்ப் பாய்களைக் கேட்டு வாங்கி, சைக்கிள் டியூபைப் பட்டியாக வெட்டி, சொலூசன் பூசி, இரண்டையும் அகலவாக்கில் ஒட்டினாய். எனக்கும் ஒன்று செய்ய இன்னும் இரண்டைக் கேட்டு வாங்கினாய். முகாமின் குழந்தைகள் அவற்றைக் கட்டில் என்று கூப்பிட்டார்கள்.

ஆசிரியர் காட்டிய படங்களில் இருப்பது போல எங்களால் எதையும் செய்ய முடியவில்லை. முன்னால் வளையும்போது வயிறு தொடையில் முட்டி மூச்சை அடைத்தது. நான் வயிற்றை எக்கி எக்கிப் பார்த்தேன். நீ பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னத்துக்கு அதை உள்ளுக்குத் தள்ளுறாய்? காலை அகட்டி அதுக்கும் ஒரு இடம் குடு. அதுவும் உன்னோட தப்பி வந்ததுதானே" என்றாய்.

கால்களை அகட்டினேன். வயிறு நடுவில் இறங்கியது. கைகள் முதல் தடவையாகத் தரையைத் தொட்டன. நாற்பது வயதுக்குப் பிறகு என் உள்ளங்கை நின்ற நிலையில் நிலத்தைத் தொட்ட கதையை யாரிடம் சொல்ல முடியும்? உன்னிடம் சொல்லத் தேவையிருக்கவில்லை. நீ பார்த்துவிட்டு, "கீழ கொஞ்ச நேரம் நில்லு, கெதியா எழும்பாத" என்று மட்டும் சொன்னாய். அன்றுதான் நான் அம்மாவுக்காக அழுதேன். தலை கீழே தொங்கியபடி அழுதேன். கண்ணீர் நெற்றிக்கு ஓடியது.

உங்கள் கிறிஸ்தவக் கோயில் பக்கமிருந்தும் எதிர்ப்பு வந்தது. இது சைவர்களின் கும்பிடு, நமக்கு ஆகாது என்று ஒருவர் பாதிரியாரிடம் முறையிட, அவர் உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "ஃபாதர், நான் மந்திரம் ஒண்டும் சொல்லல்ல. மூச்சுத்தான் விடுறன். அது தந்தவருக்குத் தெரியும்" என்று நீ சொன்னதாக நீயே வந்து சொன்னாய். ஃபாதர் சிரித்துவிட்டாராம். என் பக்கத்திலும் பேச்சு இல்லாமலில்லை. ஒரு பறங்கிக்காரனோடு சேர்ந்து யோகா பழக நமக்கென்ன விதி என்றார்கள். அடுத்த நாளும் போனேன். அதுதான் என் பதில்.

முகாம் கலைந்தது. ஆசிரியர் போய்விட்டார். நீ வாவிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு கொட்டில் போட்டாய். சனிக்கிழமைக் காலைகளில் டவுன் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நாங்களும் பழைய முகாம்காரர் சிலரும் கூடினோம். அதற்குள் சண்டை திரும்பவும் மூண்டிருந்தது. மேற்கே படுவான்கரையிலிருந்து சனம் மூட்டை முடிச்சுகளோடு வாவியைக் கடந்து வந்துகொண்டிருந்தது. ஷெல் சத்தத்தில் வீட்டு ஓடுகள் நடுங்கின. இராணுவச் சாவடியில் மறிக்கப்பட்டவர்கள் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடாத காலம்.

அந்தச் சனிக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். பாலத்தடிச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். உன் தோளில் அந்த அகலப் பாய், சுருட்டியபடி. பெரிய உருளை. இரண்டு பெரிய ஆட்கள். ஒரு சிப்பாய் துவக்கின் நுனியால் அதைத் தட்டி என்னவென்று கேட்டான். நீ சிங்களத்தில் விளக்கினாய். அவன் உன்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பின்னால் நின்றவர்களிடம் ஏதோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"செஞ்சி காட்டு" என்றான் தமிழில்.

தெருவோரத்தில் பாயை விரித்தோம். பஸ்ஸில் வந்த சனம் வரிசையாக நின்றது. எனக்குத் தொண்டையில் உப்புத் தண்ணீர் ஏறியது, முகாமில் ஏறியதே, அதே தண்ணீர். நீ என்னைப் பார்க்காமலே, "மூச்சை வெளிய விடு. நிலத்தைப் பாக்காத" என்றாய். வலது காலை முன்னால் வைத்து மடக்கி, இரு கைகளையும் விரித்து நின்றோம். சட்டை மேலேறி என் வயிறு வெளியே தெரிந்தது. யாரோ விசிலடித்தார்கள். ஒருவன் என்னைப் போலவே நின்று காட்டினான். நான் உன் விரல் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஆடவில்லை.

"ஹரி, ஹரி. யன்ன" என்றான் அந்தச் சிப்பாய். போகலாம் என்று அர்த்தம். நான் கையைக் கீழே போட்டேன்.

நீ போடவில்லை. நின்ற நிலையிலேயே, மரியாதையாகத்தான், மற்றப் பக்கம் இன்னும் செய்யவில்லை மாத்தயா, ஒரு பக்கத்தோடு விட்டால் கூடாது என்று சிங்களத்தில் சொன்னாய். பிறகு என்னிடம், "கிறுகு மச்சான்" என்றாய்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் கிறுகி, மற்றப் பக்கம் திரும்பினேன். இடது காலை முன்னால் வைத்தேன். கைகளை விரித்தேன். சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. அந்தச் சிப்பாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போகச் சொல்லியாகிவிட்டது, நாங்களோ போகவில்லை. வரிசையில் நின்ற மீன்காரப் பெண் ஒருத்தி தலைச்சட்டியை இறக்கி நிலத்தில் வைத்துவிட்டு எங்களுக்காகக் காத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் அசையவில்லை. வலது பக்கம் நின்ற அளவுக்கு இடது பக்கமும் நின்றுவிட்டு, நீ மூச்சை விட்டு நிமிர்ந்தாய். பாயைச் சுருட்டினாய். நடந்தோம்.

பாலத்தின் அந்தக் கரைக்கு வந்ததும் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாய். "பயத்தில மூத்திரம் வரப் பாத்திச்சுடா" என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குக் கோபம். "மறுகா என்னத்துக்கு அந்த விளையாட்டு? சுட்டிருந்தா?" என்று கத்தினேன்.

நீ பாயை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாய். "முதல் பக்கம் அவங்கட பகிடிக்குச் செஞ்சது. அதோட வந்திருந்தா வாழ்நாள் முழுக்க அதுதான் மிஞ்சும். மற்றப் பக்கம் எங்களுக்கு" என்றாய்.

பிறகு வடக்கில் சண்டையெல்லாம் முடிந்த அந்த மே மாதம். டவுனில் வெடி கொளுத்தினார்கள், கொடி கட்டினார்கள். நீ கொட்டிலின் தகரக் கதவைச் சாத்தினாய். அன்று வேறு எந்த ஆசனமும் செய்யவில்லை. மல்லாந்து, கைகளை விரித்து, அசையாமல் கிடந்தோம். நான் "சவா..." என்று அந்த ஆசனத்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். "இண்டைக்கு அந்தப் பேரைச் சொல்லாத" என்றாய். சத்தம் ஓயும்வரை அப்படியே கிடந்தோம், மூச்சு விட்டுக்கொண்டு. அந்த நாளில் செய்யக்கூடியதாக வேறெதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு மாரிமழைக் காலத்தில் உன்னைக் கொண்டுபோனது டெங்கு. அந்த மாரியில் அது மெலிந்த இளைஞர்களையும் கொண்டுபோனது. ஆனாலும் உன் வாசலில் நின்று ஒருவர், "இவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு யோகா செஞ்சு என்ன பிரயோசனம்?" என்றார். நான் எழும்பிப் போய் அவர் முன்னால் நின்றேன். "கடலுக்குப் பிறகு அவன் நிமிந்து படுத்தான். துவக்குக்கு முன்னால நிமிந்து நிண்டான். உங்களால ஏலுமா?" என்று கேட்டேன். பிறகு உன் பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போனேன். அது பாரம்தான். தூக்கியவர்கள் வழியில் ஆள் மாறினார்கள். நான் மாறவில்லை. சேமக்காலைக் குழி வரைக்கும் என் தோளில்தான் வந்தாய்.

போன வாரம் கிளினிக்குக்குப் போயிருந்தேன். தராசில் ஏறச் சொன்ன தாதிப் பெண் முள்ளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காலம் யோகா செய்றீங்க எண்டு சொல்றீங்க, ஒண்டும் குறையல்லையே அங்கிள்?" என்று அன்பாகத்தான் கேட்டாள்.

"எனக்கு நிறையக் குறைஞ்சிட்டுது பிள்ளை. அம்மா குறைஞ்சா. வீடு குறைஞ்சுது. மறுகா ஒரு கூட்டாளி குறைஞ்சான். இந்தக் கரையில ஆருக்குத்தான் குறையல்ல? இனி என்னட்ட இருந்து ஒண்டும் குறைய நான் விடமாட்டன்."

அவள் என் கையில் பட்டியைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தாள். நல்லாயிருக்கு என்றாள். எனக்கு அது ஏற்கனவே தெரியும். சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தரிப்பிடத்தில் பஸ் நின்றது. ஏறவில்லை. அந்தத் தராசு காட்டிய பாரம் முழுவதையும் நானே சுமந்துகொண்டு, வாவிக்கரையால் வீடுவரைக்கும் நடந்தே வந்தேன்.