கண்ணில் விழுந்த வெயில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

சுரங்க நடைபாதைக்குள் வெயிலை இறக்க நான் வடிவமைத்த கண்ணாடி மண்டபத்தை நேற்று சோதித்தோம். வெயில் இறங்கியது, நேராக அங்கே கடிகாரம் பழுதுபார்க்கும் பெண்மணியின் கண்ணுக்குள்! “வெளிச்சம் கேட்டா கண்ணையே பறிச்சிடுவே போலிருக்கே!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். நடப்பவர்களின் கண் உயரத்துக்குத்தான் கணக்குப் போட்டிருந்தேன். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரை மறந்துபோனேன். இப்போது வெயிலைத் திருப்பிவிடும் கண்ணாடியைச் சற்றுச் சாய்த்திருக்கிறேன். சரிபார்க்கத்தான் வெயில் இல்லை, ஒரே மேகம்; மண்டப வாசலில் காத்திருந்தபடிதான் இதை எழுதுகிறேன். நாளை மேலதிகாரி வருகிறார். மறுபடி கண் கூசினால் மண்டபத்தையே மூடிவிடுவாராம். நீ கவலைப்படாதே.

நம் வீட்டு அலாரக் கடிகாரத்தை அனுப்பி வை. என் அறைக்கு ஜன்னல் இல்லை, விடிவதே தெரிவதில்லை.

மேகம் விலகுவதுபோல் இருக்கிறது அம்மா, ஓடுகிறேன்.

உன் மகள்